கிளி கடிதலும் கிளி கடித்தலும்

குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மேல் அமர்ந்து கிளி கடிந்தார்கள் என்று நம் தமிழ்ப் பேராசிரியர்கள் வகுப்பில் நடத்தியிருப்பார்கள். கடிதல் என்றால் ஓட்டுதல். தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டுவதற்கென்றே கருவிகள் இருந்தன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அவற்றின் பெயர்கள் வருகின்றன. அந்தக் கபிலர் உயிர் நீத்த இடம் என்று நம் மாவட்டத்துத் திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு குன்றைக் காட்டுவார்கள். ஆகவே கிளியோடு மனிதன் மல்லுக்கு நின்ற கதை நமக்குப் புதிதன்று. நான் எழுத வந்தது அந்தச் சொல்லில் ஒரு 'த்' கூடிய கதை: கிளி கடித்தல். விலங்கியல்காரன் இலக்கியத்தில் கால் வைத்ததைத் தமிழ்த் துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் வலக்கையின் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு செய்முறை வகுப்புக்கு வந்தார். கத்தி பட்டதா என்று கேட்டேன். "இல்லை சார், எங்க ஆயா வளர்க்கிற கிளி" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மூணு வருஷமா என் தோள்மேலயே கிடந்த கிளி சார். இப்போ ஆயாகிட்ட மட்டும் கொஞ்சுது. நான் பக்கத்துல போனா பாஞ்சு கடிக்குது. ஊர்ல பேய் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க" என்றார். சிரித்தவர்களில் மூன்று பேர் மணி அடித்ததும் தனித்தனியே என்னிடம் வந்து, தங்கள் வீட்டுக் கிளியும் கடிப்பதாகச் சொன்னார்கள். அதனால்தான் இதை ஒரு பாடமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எந்தக் கிளி என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். நம் வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நம் ஊர்ப் பச்சைக்கிளி. சிட்டாகுலா கிராமெரி என்பது விலங்கியலில் வழங்கிவரும் பெயர்; செந்தார்ப் பைங்கிளி என்பது தமிழ்ப் பெயர். கழுத்தில் சிவப்பு மாலை உடையது என்று பொருள். அந்த மாலை ஆணுக்குத்தான் உண்டு; அதுவும் ஏறத்தாழ மூன்றாம் வயதில்தான் முழுமையாக வரும். இந்த மூன்றாம் வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, கடைத்தெருவில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளி. இதன் உண்மையான பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர் 1840-ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகமெங்கும் கூண்டுகளில் பெருகியது. இதை வளர்க்கத் தடை இல்லை.

பச்சைக்கிளிக்குத் தடை உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அடுத்த மாவட்டமான கடலூரில் 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கிளி ஜோதிடர் ஒருவர் வைத்திருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது செய்தித்தாள்களில் வந்தது. "காலங்காலமாக வளர்க்கிறோமே" என்பார்கள். காலங்காலமாக நாம் செய்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தை, மாசி, பங்குனி மாதங்களில் பனைமரப் பொந்தில் கிளி முட்டையிடும். 22 முதல் 24 நாளில் குஞ்சு பொரிக்கும். இறகு முளைக்கும் முன்பே அந்தக் குஞ்சைக் கையை விட்டு எடுத்து, சோற்றை மசித்து ஊட்டி வளர்ப்போம். கடிக்கின்ற கிளியின் வரலாறு அந்தப் பொந்திலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கு விளக்கம் கொன்ராட் லாரன்ஸ் போன்ற அறிஞர்களின் ஆய்விலிருந்து கிடைக்கிறது. வாத்துக் குஞ்சு கண் விழித்ததும் தன் எதிரே நடமாடும் உயிரையே தாயாக மனத்தில் பதித்துக்கொள்கிறது என்று காட்டியவர் அவர். 1973-ல் டின்பெர்கன், வான் ஃபிரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். கிளிக்குஞ்சில் இது வாத்தைப் போல ஒரே நாளில் நடப்பதில்லை. ஆயினும் தன் இனத்தையே பாராமல் மனிதக் கையில் வளர்ந்த கிளி, மனிதரையே தன் இனம் என்று கொள்ளும். குஞ்சாக இருக்கும்வரை இது நமக்கு மகிழ்ச்சி. எல்லோரிடமும் போகும், எல்லோரிடமும் வாங்கித் தின்னும். மூன்றாம் வயதில் பருவம் எய்தியதும் அது துணையைத் தேடுகிறது. துணையாக யாரை எடுத்துக்கொள்ளும்? வீட்டில் அதிக நேரம் கூட இருப்பவரை. அப்போது மற்றவர்கள் யார்? போட்டிக்கு வந்தவர்கள். அந்த மாணவரின் வீட்டில் நடந்தது முழுக்க இதுதான். ஆயாவைக் கிளி துணையாக வரித்துவிட்டது. பேரன் விடுதியிலிருந்து வந்து ஆயாவின் மடிப்பக்கம் உட்கார்ந்தான். பிறகு கேட்பானேன்?

கடியைப் புரிந்துகொள்ள அலகைப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றப் பறவைகளுக்கும் அலகு உண்டு. ஆனால் கிளிக்கு அது மூன்றாவது கால், சில நேரம் கை. மேல் அலகு மண்டையோடு கீல் போல இணைந்து தனியே அசையும். மரம் ஏறுவது அலகால். கொட்டை உடைப்பது அலகால். ஒரு கிளை தன்னைத் தாங்குமா என்று சோதிப்பதும் அலகால். நாம் விரலை நீட்டியதும் கிளி முதலில் அலகால் தொட்டுப் பற்றும். அது கடியன்று, 'இந்தக் கிளை ஆடுமா?' என்ற சோதனை. நாம் 'ஐயோ' என்று விரலை இழுத்துக்கொள்வோம். கிளை ஆடும் என்பது உறுதியாகிவிட்டது. மறுமுறை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பாதிக் கிளிகள் கடிக்கப் பழகுவது இப்படித்தான் என்பேன்.

உண்மையான கடி முன்னறிவிப்பு இல்லாமல் வருவது மிக அரிது. கிளியின் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த கிளியின் விழி வெளிறியிருக்கும். நடுவிலுள்ள கருமணி சட்டென்று சுருங்கி விரிந்து மீண்டும் சுருங்குவது நன்றாகத் தெரியும். வால் இறகு விசிறியாக விரியும். பிடரி இறகு சிலிர்க்கும். தலை தாழும், அலகு சிறிது திறக்கும். இவ்வளவும் சேர்ந்து வந்தால் அடுத்த நொடி என்ன வரும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை. அஞ்சிய கிளியின் தோற்றம் வேறு. இறகெல்லாம் உடலோடு ஒட்டி, கிளியே மெலிந்து நீண்டுவிட்டதுபோல் நிற்கும். பின்னால் சாய்ந்து கூண்டின் மூலைக்கு ஒதுங்கும். மூலைக்கு மேல் ஒதுங்க இடமில்லாதபோது கடிக்கும். முன்னேறி வந்து கடிக்கும் கிளி 'இது என் இடம்' என்கிறது; பின்வாங்கிக் கடிக்கும் கிளி 'என்னை விட்டுவிடு' என்கிறது. இரண்டையும் திமிர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

இன்னும் சில காரணங்கள் உண்டு. கிளிக்கு இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நாமோ கூண்டைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே தொங்கவிட்டு இரவு பதினொன்று வரை விளக்கெரிக்கிறோம். தூங்காத குழந்தை சிணுங்குவதுபோல் தூங்காத கிளி கடிக்கும். முதுகைத் தடவிக் கொடுப்பது மற்றொரு தவறு. கிளிகள் ஒன்றுக்கொன்று தலையையும் கழுத்தையும்தான் கோதிவிடும். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் நாம் தடவுவது அதன் பருவ உணர்ச்சியைத் தூண்டிவிடும். சிறகைக் கத்தரிப்பதும் கடியைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. பறந்து தப்ப முடியாத உயிருக்கு எஞ்சியிருப்பது அலகு ஒன்றுதானே. என்றும் சாந்தமாக இருந்த கிளி ஓரிரு நாளில் மாறி, இறகை உப்பிக்கொண்டு, எச்சத்தின் நிறமும் மாறியிருந்தால் அது நோய். அதற்குப் பழக்கம் உதவாது. கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மனிதர் பக்கத்து மருத்துவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கிளி கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். காயம் ஆழமானால் மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய், கிளிக்கடியால் வராது. எங்கள் மாணவரை ஊரில் யாரோ அந்தப் பயத்தையும் காட்டி அனுப்பியிருந்தார்கள்.

என் சொந்தக் கதையையும் மறைக்கக் கூடாது. நான் மலையடிவாரத்தில் வளர்ந்தவன். ஏழெட்டு வயதில் எங்கள் வீட்டில் ஒரு கிளி இருந்தது. தென்னை ஈர்க்குச்சியைக் கம்பி வழியே விட்டு அதைச் சீண்டுவது என் மாலை நேர விளையாட்டு. கிளி குச்சியைக் கடித்து முறிக்கும்; நான் கைகொட்டிச் சிரிப்பேன். கடித்தால் குச்சி விலகும், கூடவே ஆரவாரமும் கிடைக்கும் என்று நாள்தோறும் அதற்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இதைத்தான் பின்னாளில் கல்லூரியில் ஸ்கின்னரின் பெயரால் படித்தேன்: எந்தச் செயலுக்குப் பின் பயன் கிடைக்கிறதோ அந்தச் செயல் வலுப்படும். ஒருநாள் அந்தக் கிளி என் தங்கையின் காது மடலைக் கிழித்துவிட்டது. இனிக் கடிக்காது என்று யாரோ சொல்லக் கேட்டு, பச்சை மிளகாயை அரைத்து அதன் அலகில் தடவினார்கள். கிளி அலகை நக்கிவிட்டு இன்னும் கேட்பதுபோல் பார்த்தது. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. மிளகாயின் காரத்தை உணர்த்தும் நரம்பு வாயிலை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளில் அந்த வாயில் காரத்துக்குத் திறப்பதில்லை. மிளகாய்ச் செடி தன் விதையைப் பரப்பப் பறவையை நம்பியிருப்பதால் அதற்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது போலும். ஆகவே கிளிக்கு மிளகாய் தண்டனையுமன்று. காரம் தின்றால் நன்றாகப் பேசும் என்பதும் வீண்பேச்சு.

மிளகாய்க்கு மறுநாள் அப்பா கிளியைப் புளியந்தோப்பில் விட்டுவிட்டு வந்தார். சிறகு வெட்டிய, இரை தேடத் தெரியாத, மனிதக் குரல் கேட்டால் இறங்கிவரும் கிளி. இரண்டு நாள் கழித்துத் தோப்புக்குப் போனபோது பச்சை இறகுகள் மட்டும் கிடந்தன. தங்கையின் காதில் தழும்பு இன்றும் இருக்கிறது. ஈர்க்குச்சியைப் பற்றி நான் வீட்டில் நெடுநாள் சொல்லவில்லை.

இந்த நினைவு இருந்ததால்தான் மாணவர், "சார், காட்டுல விட்டுடலாமா?" என்று கேட்டதும் வேண்டாம் என்று பதறினேன். வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தோம். தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் பெற்றுக்கொள்கிறோம், பறக்கவும் இரை தேடவும் பழகிய பிறகே வெளியே விடுவோம், முடியாதவை பராமரிப்பிலேயே இருக்கும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறி இறங்கி, பிறகு சிறிது தூரம் நடை. கொல்லையில் சாமை அறுத்த தாள் காய்ந்து கிடந்தது.

ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க சாமி" என்றவர், கிளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரன் முன்பே சொல்லியிருந்தார் போலும். "எடுத்துக்கிட்டுப் போவத்தானே வந்தீங்க? அது பெட்டிக்குள்ள வராது. போன மாசம் என் மவன் துணியப் போட்டுப் புடிக்கப் பார்த்தான். கை ரெண்டும் ரத்தம். அதுவும் மூச்சு வாங்கிச் சாவக் கிடந்துச்சு" என்றார். பிறகு மெதுவாக, "நெஞ்சடைச்சுச் செத்துப்போச்சுன்னா யாரு பாவம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. துணி போட்டு நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கிளி மூச்சு முட்டியே சாகக்கூடும். ஆகவே கிளியைப் பிடிக்காமல், கிளியே பெட்டிக்குள் நடந்து போகும்படி செய்ய வேண்டும். அதற்கு முதலில் அதன் சினம் தணிய வேண்டும்.

அன்று கூண்டின் இடத்தை மட்டும் மாற்றினோம். அது நடுத் திண்ணையில், நாற்புறமும் ஆள் நடமாடும் இடத்தில் தரையோடு கிடந்தது. ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, கண் மட்டத்தில் மாடத்தின் மேல் வைத்தோம். முதுகுப்புறம் காப்பு இருந்தால் பாதிப் பயம் போய்விடும். கடித்துச் சிதைக்க ஒரு கொய்யாக் கிளையை உள்ளே கட்டினோம். பொழுது சாய்ந்ததும் மூன்று பக்கம் துணி போட்டு மூடிவிடச் சொன்னேன். ஆயாவிடம் கேட்டுக்கொண்டது மூன்று. வாயிலிருந்து வாய்க்கு ஊட்ட வேண்டாம். முதுகைத் தடவ வேண்டாம். தோளில் ஏற்ற வேண்டாம். "அப்போ நான் எதுக்கு?" என்றார். தலையைக் கோதலாம், பேசலாம் என்றேன். முழுச் சமாதானம் ஆகவில்லை.

அதோடு மல்லாட்டையை ஆயா கையால் கொடுப்பதை நிறுத்தினோம். இனிப் பேரன் கையால் மட்டுமே மல்லாட்டை. அவன் இல்லாத நாளில் அவன் தம்பி கையால். கொடுக்கும் முறையும் முக்கியம். கிளியின் இறகு தளர்ந்திருக்கும் தூரத்தில், அந்த வீட்டில் அது ஆறடி, நின்றுகொள்ள வேண்டும். இறகு இறுகினால் நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஓரடி பின்வாங்க வேண்டும். தட்டில் ஒரு மல்லாட்டையைப் போட்டுவிட்டு உடனே விலகிப் போய்விட வேண்டும். அஞ்சிய கிளிக்கு மல்லாட்டையைவிட நாம் விலகிப்போவதே பெரிய பரிசு. இதுவரை கடித்தால்தான் ஆள் விலகுவான். இப்போது கடிக்காமலே விலகுகிறான், கொட்டையும் கிடைக்கிறது. அப்புறம் எதற்குக் கடிக்க வேண்டும்?

கடியைத் தாங்கிக்கொண்டு கையை எடுக்காமல் இருந்தால் கிளி கடிப்பதை விட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. பழைய தந்திரம் பலிக்காதபோது எந்த உயிரும் முதலில் அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்க்கும். அந்த வேகத்தைத் தாங்க நம் விரலால் முடியாது. பாதியில் கையை இழுத்துவிட்டால், 'பலமாகக் கடித்தால் பலிக்கும்' என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். கண்மணி சுருங்கும்போதே விலகிவிட்டால் கடிக்கு வேலையே இல்லை. தப்பித் தவறிக் கடி விழுந்துவிட்டால் கத்தாமல், அடிக்காமல், கிளியை அருகிலுள்ள இடத்தில் இறக்கிவிட்டு அகல வேண்டும். நாம் கத்துவது கிளிக்குத் திட்டாகக் கேட்பதில்லை. அதுவும் சேர்ந்து கத்தும்.

ஐந்தாம் நாள் வரை நன்றாகப் போனது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கூண்டைக் கம்பால் தட்டி, "என்னடா, பேயா உனக்கு?" என்று விளையாடிவிட்டுப் போனார். ஆறடி மீண்டும் பத்தடி ஆயிற்று. மாணவர் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். இரண்டாம் முறை மூன்றே நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அடுத்தது குச்சிப் பாடம். மூங்கில் சிம்பு ஒன்றை ஒரு முழ நீளத்துக்குச் சீவி, கம்பிக்கு வெளியே காட்ட வேண்டும். கிளி ஆவலால் அலகால் தொடும். தொட்ட நொடியில் 'சரி' என்று சொல்லி ஒரு பருப்பு. பத்துப் பன்னிரண்டு முறைக்குள் குச்சி எங்கே போகிறதோ அங்கே கிளியும் நடக்கத் தொடங்கிவிடும். நான் சிறுவனாக ஈர்க்குச்சியால் செய்ததும் இதே பாடம்தான். அன்று கடிக்கப் பழக்கினேன். இந்தக் குச்சி நடக்கப் பழக்கியது.

பிறகு பெட்டி. பழம் வரும் மரப்பெட்டிக்கு மாணவரின் தகப்பனார் கம்பி வலைக் கதவு வைத்துத் தந்தார். முதல் இரண்டு நாள் பெட்டி கூண்டுக்கு எட்டடி தள்ளிச் சும்மா கிடந்தது. மெல்ல மெல்ல நெருங்கி, கூண்டு வாசலும் பெட்டி வாசலும் ஒட்டின. வாசற்படியில் ஒரு பருப்பு, ஒரு சாண் உள்ளே ஒரு பருப்பு, கடைசியில் சுவரோரம் ஒரு பிஞ்சு மக்காச்சோளம். கதவைச் சாத்தும் ஆசை எல்லோருக்கும் வந்தது. சாத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். உள்ளே போய்த் தின்று தானாக வெளியே வரட்டும்; அவசரப்பட்டுச் சாத்தினால் அதன் பிறகு அது அந்தப் பெட்டியை நம்பாது. மூன்றாம் வாரத்தில் ஒரு நொடி சாத்தித் திறந்தார்கள். பிறகு பத்து நொடி. பிறகு ஆயா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லும் அளவுக்கு ஆயிற்று. அதற்குள் பேரன் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கிளியின் வால் விரியவில்லை.

கிளியின் குணம் மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பருவ காலம் முடியும்வரை அந்தக் கிளிக்குள் அதே வேகம் இருந்துகொண்டுதான் இருந்தது. ஆயா ஒருநாள் மறந்துபோய்த் தோளில் ஏற்ற, அன்றைக்கே ஒரு கடி விழுந்தது; அதுவும் ஆயாவுக்கே. துணையை நெருங்கும் போட்டியாளனை எட்ட முடியாவிட்டால், 'வா போகலாம்' என்று துணையையே கடித்து விரட்டுவது கிளிகளிடம் காணப்படும் இயல்பு. ஆயா இதைக் கேட்டுவிட்டு, "என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு" என்றார்.

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பாகம் மாறும். அங்கே சண்டை பெரும்பாலும் கிளிக்கும் கிளிக்கும். மூக்கின்மேலுள்ள சவ்வு பழுப்பாக இருந்தால் பெண், நீலமாக இருந்தால் ஆண். சண்டைக்காரி பெரும்பாலும் பெண்தான். ஆஸ்திரேலியாவில் மழை பெய்து புல் விளைந்து, பொந்தும் கிடைத்தால் உடனே முட்டையிடும் பறவை அது. நம் கூண்டில் ஆண்டு முழுதும் தினை, ஆண்டு முழுதும் தண்ணீர், ஆண்டு முழுதும் தொங்கும் மண் கலயம். அதன் கணக்கில் நாள்தோறும் மழைக்காலம். நாலு ஜோடிக்கு மூன்று கலயம் என்றால் அந்தக் கூண்டில் ரத்தம் பார்க்காமல் இருக்க முடியாது. ஜோடிகளின் எண்ணிக்கையைவிட ஓரிரண்டு கலயம் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். குஞ்சு வேண்டாத மாதங்களில் கலயங்களை அடியோடு எடுத்துவிடுங்கள். எங்கள் துறை மாணவி ஒருவரின் வீட்டில் கலயத்தை எடுத்த இரண்டு வாரத்தில் சண்டை நின்றது. அதுவரை அவர்கள் செய்துகொண்டிருந்தது, சண்டையிடும் பெண் கிளிமேல் தண்ணீர் தெளிப்பது.

மாசி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஆயாவும் மாணவரும் நானும் பெட்டியோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். காலையில் கூண்டைத் திறந்ததும் கிளி தானே நடந்து பெட்டிக்குள் போய்ச் சோளக் கதிரைப் பிடித்துக்கொண்டது. யார் கையிலும் கீறல் இல்லை. அதற்கும் மூச்சு இரைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆயாவிடம் கைநாட்டுக் கேட்டபோது அவர் பெயரெழுதிக் கையொப்பமிட்டார். மூங்கில் சிம்பை அங்கிருந்த ஊழியரிடம் கொடுத்து, "சரின்னு சொல்லிட்டுக் குடுக்கணும். சும்மா குடுத்தா வாங்காது" என்றார். திரும்பும்போது பேருந்தில் வழி முழுதும் ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசியில் மாணவரிடம் ஆயா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். "சாமை முத்தியிருக்கு சார். விடிஞ்சா கிளிக் கூட்டம் வந்துடுது. ஆயாதான் பரண்ல உக்காந்து தகரத்தைத் தட்டி ஓட்டுது" என்றார். சற்று நிறுத்தி, "உடனே தட்டறது இல்ல சார். கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் தட்டுது. அப்பாவுக்கு அதுல கோவம்" என்றும் சொன்னார்.